சொந்தக் காரில் ஊட்டி: முதன்முறை மலையேறுபவர்களுக்கு ஒரு கோடை வழிகாட்டி

மேட்டுப்பாளையத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் ஊட்டியில் ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது மூன்று இடங்களில்: எந்த நாளில் போகிறீர்கள், கையில் இ-பாஸ் (வெளியூர் வண்டிகளுக்கான நுழைவு அனுமதி) இருக்கிறதா, எந்த கியரில் இறங்குகிறீர்கள். இரண்டு இரவு, மூன்று பகல் கொண்ட சிறு பயணத்துக்கு, கோவை, ஈரோடு, சென்னைப் பக்கமிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை சீசன். மே மாதத்தில் தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சி, ரோஜாப் பூங்கா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக வரும். மலர்க் கண்காட்சி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கூட்டத்தைச் சகித்துக்கொள்ளத் தயாராகப் போங்கள். இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தேதிகளை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிடும்.

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவது எல்லோருக்கும் வசதி. அதனாலேயே அது மிக மோசமான திட்டம். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலைப்பாதை, சீசன் சனிக்கிழமையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எல்லோரும் இறங்கிக்கொண்டிருப்பார்கள். திங்கள் காலை ஏறி, புதன் மதியம் இறங்குங்கள். மூன்று நாள் விடுப்பு கூடுதலாகப் போனாலும், அறை வாடகையில் மிச்சமாவது அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.

2. அறை: வாகன நிறுத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

இ-பாஸ் விண்ணப்பத்தில் தங்குமிட விவரம் கேட்பார்கள். ஆனால் பாஸ் கிடைக்காவிட்டால் அறைக்குக் கட்டிய பணம் போய்விடும். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பிடித்து, அதே மணி நேரத்தில் பாஸுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: கார் நிறுத்த இடம் உள்ளேயா, சாலையோரமா? வாசலுக்கு வரும் பாதை எவ்வளவு செங்குத்து? (சில விடுதிகளின் ஏற்றம் மலைப்பாதையைவிடக் கடினம். மழை பெய்தால் சிறிய கார்கள் சறுக்கும்.) வெந்நீர் எந்த நேரம் வரும்? ஓட்டுநர் வைத்துப் போகிறீர்கள் என்றால் அவருக்குப் படுக்க இடம் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவு 10 டிகிரி குளிரில் காருக்குள் சரியாகத் தூங்காத மனிதர்தான் மறுநாள் உங்களைக் கொண்டைஊசி வளைவுகளில் கொண்டுபோகப் போகிறார்.

கார் ஓட்டுவதில் தயக்கம் உள்ளவர்கள் ஊட்டியின் மையமான சேரிங் கிராஸ் பக்கம் அறை தேடாமல் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கலாம். நெரிசல் குறைவு, குளிரும் கொஞ்சம் குறைவு.

3. இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. வரம்பு இருக்கும் காலத்தில் சனி, ஞாயிறு பாஸ்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நீங்கள் போகும் ஆண்டில் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பாஸ் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை:

தமிழ்நாடு மின்னாளுமை முகமை நடத்தும் அரசு இ-பாஸ் தளத்துக்குப் போங்கள். கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் வைத்து நுழையலாம். பிறகு நீலகிரியா, கொடைக்கானலா என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர், முகவரி, வண்டி எண், வண்டி வகை, எரிபொருள், தயாரிப்பு ஆண்டு, எத்தனை பேர், நுழையும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றை நிரப்புங்கள். கியூஆர் குறியீட்டுடன் பாஸ் வந்துவிடும். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

இடறும் இடங்கள்:

பாஸுக்குக் கட்டணம் கிடையாது. 200, 300 ரூபாய் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். தேடும்போது முதலில் வரும் தளம் அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாஸ் வண்டிக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. இரண்டு கார் என்றால் இரண்டு பாஸ். கிளம்பும் அன்று பேட்டரி செத்து, அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்தால் பழைய பாஸ் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும். வாடகைக் காரில் போகிறவர்கள் வண்டி எண் உறுதியான பிறகு எடுங்கள். முந்தின நாள் இரவு வண்டியை மாற்றி அனுப்புவது வாடகைத் தொழிலில் சர்வசாதாரணம்.

நுழையும் தேதியைச் சரியாகப் போடுங்கள். சென்னையிலிருந்து இரவில் கிளம்பி விடியற்காலையில் மலையடிவாரம் சேருபவர்கள், கிளம்பும் தேதியைப் போட்டுவிட்டுச் சோதனைச் சாவடியில் முழிப்பதுண்டு.

பாஸைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து, ஒரு காகிதப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்குப் பக்கத்தில் எல்லா நிறுவனங்களின் சிக்னலும் ஒரே மாதிரி எடுப்பதில்லை.

பாஸ் கிடைக்கவில்லையா? அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் தேவையில்லை. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறலாம். அதை ஒரு தோல்வியாக நினைக்க வேண்டாம். ஊட்டிக்குள் கார் இல்லாமல் இருப்பது பல நேரம் நிம்மதி.

4. காகிதங்கள்

ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் செல்லும், ஆனால் செயலிக்குள் வீட்டிலேயே நுழைந்து சரிபார்த்துவிடுங்கள். காப்பீடு முடியும் தேதியைப் பாருங்கள்: காப்பீடில்லாமல் முதல் முறை சிக்கினால் 2,000 ரூபாய், உரிமமில்லாமல் ஓட்டினால் 5,000. அபராதத்தைவிட, மலையில் ஒரு மோதல் நடந்து காப்பீடு இல்லாமல் போனால் வரும் செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கும். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் விடுதியில் காட்ட ஆதார் நகல் ஒன்று.

ஒரு பொறி: தெரிந்தவர் காரை நாள் வாடகைக்கு வாங்கிக்கொண்டு போவது. வெள்ளை எண் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது போதும். நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். பார்த்து எடுங்கள்.

ஃபாஸ்டேக்கில் இருப்பு இருக்கட்டும். டேக் வேலை செய்யாவிட்டால், 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி சுங்கத்தை யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

5. வண்டி: ஒரு வாரம் முன்பு

கிளம்பும் முந்தின நாள் சர்வீஸ் விடாதீர்கள். எதையாவது கழற்றிச் சரியாக மாட்டாமல் விட்டிருந்தால் அது தெரியவர இரண்டு மூன்று நாள் ஓட்டம் வேண்டும். ஒரு வாரம் முன்பு கொடுத்து, பிறகு ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

பார்க்கச் சொல்ல வேண்டியவை: முன்சக்கர பிரேக் பேடின் தடிமன். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா என்பது. இது வெறும் அட்டவணை விஷயம் அல்ல. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. சமவெளியில் ஆண்டுக்கணக்கில் வெளிப்படாத இந்தக் குறை, மலை இறங்கும்போது முக்கால் மணி நேரத்தில் வெளிப்படும்.

கூலன்ட் அளவை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள். டயர் பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், மழை ஈரச் சாலைக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் முழுச் சுமைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான். ‘மலைக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க’ என்ற அறிவுரையைக் கேட்க வேண்டாம். கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் மாற்றிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் நின்றுகொண்டு இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

மின்சாரக் கார்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். 30 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் கிட்டத்தட்ட பாதி இதிலேயே போகும். அடிவாரத்தில் 80 விழுக்காடு இருக்கட்டும். திரும்பும்போது ஊட்டியில் 100 வரை ஏற்றாதீர்கள். நிறைந்த பேட்டரி மேற்கொண்டு மின்சாரத்தை வாங்காது, வேகத்தைக் குறைத்து அதை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும் ரீஜென் பிரேக் ஆரம்ப இறக்கத்தில் வேலை செய்யாது. 80-க்கு நிறுத்துங்கள்.

6. பையில்

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர், துணிப்பை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடாது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. வழியில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி மாத்திரையை மலை தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுபவர் தொடவே கூடாது. வெறும் வயிறும் குமட்டும், நெய் பொங்கலும் குமட்டும். இரண்டு இட்லி சரியாக இருக்கும். கோடைதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

7. மேட்டுப்பாளையம் வரை

சேலம், ஈரோடு பக்கமிருந்து வருபவர்கள் கோவைக்குள் போக வேண்டியதில்லை. அவிநாசியில் பிரிந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம், சுமார் 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஒரே மூச்சில் 500 கிலோமீட்டர் ஓட்டிவந்து அப்படியே மலையேறுவது வேண்டாம். மேட்டுப்பாளையத்திலோ அன்னூரிலோ தூங்கி எழுந்து, விடியற்காலை 6 மணிக்குச் சாவடியில் இருங்கள்.

எரிபொருளை மேட்டுப்பாளையத்தில் நிரப்புங்கள். கோடையில் அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழம் பழுக்கும் காலத்தில் பர்லியார், குஞ்சப்பனைப் பக்கம் சாலைக்கே வந்துவிடும். இருட்டியபின் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். யானையைப் பார்த்தால் ஹாரனும் விளக்கும் அடிக்காமல், தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள். செல்பிக்கு இறங்குபவரை உள்ளே இழுத்துப் போடுங்கள்.

8. ஏற்றம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு பாதைகள்: ஒன்று கல்லார், பர்லியார், குன்னூர் வழி; மற்றது குஞ்சப்பனை, கோத்தகிரி வழி. சீசனில், குறிப்பாக மே மாதத்தில், காவல்துறை ஒருவழியாக்குவது வழக்கம்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கைப்பேசி வரைபடத்துக்கு இது தெரியாது, அது பாட்டுக்குத் திரும்பச் சொல்லும். சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் சொல்வதுதான் வழி. சாவடியில் பசுமை வரிக்குச் சில்லறை எடுத்து வையுங்கள்.

கொண்டைஊசி வளைவில் நடப்பது இதுதான். ஏறும்போது வலப்பக்க வளைவில் நீங்கள் வெளிவட்டத்தில் இருப்பீர்கள், சரிவு மெல்லியது, இரண்டாவது கியர் போதும். இடப்பக்க வளைவில் உள்வட்டம். தூரம் குறைவு, செங்குத்து அதிகம். இங்கேதான் இரண்டாவது கியரில் எஞ்சின் திணறி நின்று, பின்னால் வருபவர் ஹாரன் அடித்து, பதற்றத்தில் வண்டி பின்னால் நகரும். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

நின்றுவிட்டால் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கை பிரேக்கை இழுங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள், வண்டியின் மூக்கு சற்றுத் தூக்கும்போது கை பிரேக்கை விடுவித்து நகருங்கள். கருகிய வாடை வந்தால் அது கிளட்ச். அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி இருபது நிமிடம் விடுங்கள். வெப்பமுள் ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பேருந்து வளைவை முழுதாக அடைத்துத்தான் திரும்பும். அது எதிரே தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி, ஆனால் பேருந்திடம் விதி பேசிப் பயனில்லை. மூடுபனியில் தாழ்ந்த ஒளி. உயர்ந்த ஒளி போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசும்.

பர்லியாரில் நின்று டீ குடியுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், கண்ணாடியை இறக்கியும் வைக்காதீர்கள்.

9. ஊருக்குள்

காரை விடுதியில் நிறுத்திவிடுங்கள். சீசனில் ஊருக்குள் ஓடும் அரசு சுற்றுப் பேருந்தில் முக்கிய இடங்களைப் பார்த்துவிடலாம். தாவரவியல் பூங்காவுக்குக் காலை 7 மணிக்கே போய்விட்டால் பத்து மணிக் கூட்டம் வருமுன் வெளியே வந்துவிடலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் காலைக்கு உரியது. மதியத்துக்குமேல் மேகம் மூடினால் பார்க்க ஒன்றும் இருக்காது. கோடை மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான்.

மலை ரயில் ஆசை இருந்தால் மேட்டுப்பாளையம் ரயிலுக்கு மட்டும் அலையாதீர்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றே அது போய்விடும். குன்னூர்–ஊட்டி ரயிலில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பம் ரயிலில், ஓட்டுபவர் காரில் போய் ஊட்டி ஸ்டேஷனில் காத்திருக்கலாம். ஓட்டுபவருக்கு நியாயமில்லாத ஏற்பாடுதான்.

மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்க நினைக்காதீர்கள். 36 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட அந்த இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, டி.என். 43 உள்ளூர் வண்டிகளுக்குத்தான் அனுமதி. கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். மைசூரு பக்கம் போகிறவர்களுக்கு: பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

10. இறக்கம்

ஏறிய கியரில் இறங்கு என்பார்கள். பழைய பாடம், இன்றும் சரி. இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் உறுமுவதைக் கேட்டு மூன்றாவதுக்குப் போகாதீர்கள், அந்தச் சத்தத்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது பொய். இன்றைய எஞ்சின்களில் கியரில், ஆக்சிலேட்டர் தொடாமல் இறங்கும்போது எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட வைக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடுமை: பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ‘டி’யிலேயே விட்டால் கார் மேல் கியருக்குப் போய்விடும், முழுச் சுமையும் பிரேக்கில். ‘எல்’, ‘2’, அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்பதை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

பிரேக்கை லேசாகத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், வேகம் மறுபடி ஏறினால் அழுத்துங்கள். விட்ட இடைவெளியில்தான் பேடு ஆறும். சக்கரத்திலிருந்து வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, உடனே கியரைக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தி, மலைப்பக்கமாக ஓரங்கட்டுங்கள். அரை மணி நேரம். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும்.

கோத்தகிரி வழியில் அரவேணு தாண்டி ஒரு முறை, குஞ்சப்பனைக்கு முன்பு ஒரு முறை என்று வாடை வராவிட்டாலும் நின்று இறங்குங்கள். மாலை 4 மணிக்குள் அடிவாரம் சேரும்படி ஊட்டியில் மதியம் 12 மணிக்குள் கிளம்புங்கள்.

11. செலவு

கோவையிலிருந்து போய்வர 180, ஊருக்குள் 80, ஆக 260 கிலோமீட்டர். சமவெளியில் 15 கொடுக்கும் பெட்ரோல் கார், மலையும் சேர்த்துச் சராசரி 11 கொடுக்கும் என்று வையுங்கள். 24 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் 2,400 ரூபாய். சென்னையிலிருந்து என்றால் போக, வர, உள்ளே சுற்ற 1,180 கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்பதால் சராசரி 14, சுமார் 84 லிட்டர், 8,400 ரூபாய், சுங்கம் தனி. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது (2025-இல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்). தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான் அது, தனியார் கார்களுக்கு மட்டும்.

கையில் 2,000 ரூபாய் ரொக்கமாக, அதில் ஐந்நூறு பத்தும் இருபதுமாக இருக்கட்டும். வாகன நிறுத்தம், நுழைவுச் சீட்டு, வறுத்த மக்காச்சோளம் எல்லாம் அதிலிருந்துதான். ஊர் திரும்பியதும் மறுநாள் ஓட்டும்போது பிரேக்கில் கீச்சு, ஸ்டியரிங்கில் நடுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வாரமே பேடும் டிஸ்க்கும் பார்க்கக் கொடுத்துவிடுங்கள்.